விரத நாளில் மீன் வாசம்

ஆடி அமாவாசையன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், வல்லிபுரத்தின் முற்றத்தில் மீன் வாசம் எழுந்தது.

ஊர் முழுக்க விரதம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஒலிபெருக்கி அவர் வீடு இருந்த திராய்மடு வரைக்கும் கேட்டது. தீர்த்தமாட வருபவர்கள் நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாவியில் வலை எறிய எவனுக்கும் கை வராது. அப்படிப்பட்ட நாளில், முழுகி, திருநீறு பூசி, புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்த வல்லிபுரத்தின் மூக்கில் முதலில் பட்டது மணலை மீன்.

வேலியோரம் மூன்று கல் வைத்து, சின்னச் சட்டியில் அதை அவித்துக்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி புஸ்பம்.

"இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமா?" என்று கேட்டார் வல்லிபுரம்.

"தெரியும்."

"மறுகா இதென்ன?"

"மனிசருக்குத்தான் விரதம். நாயும் விரதம் பிடிக்கோணும் எண்டு ஆரும் சொல்லல்ல. குசினிக்குள்ள வைக்காம வெளியிலதான் வைச்சிருக்கன். நீங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போங்க."

சண்டை பிடிக்க அவருக்குத் தெம்பில்லை. அவளுக்கும் இல்லை. அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நாய் அவள் காலடியில் சாக்கின் மேல் கிடந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு வந்ததால் அதற்குச் சுட்டியன் என்று பெயர். மற்ற உடம்பெல்லாம் ஒரு காலத்தில் கறுப்பு. இப்போது முகம் முழுக்க நரைத்து, சுட்டி எது, நரை எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. கண் தெரியாது, காது கேட்காது. முந்தாநாளிலிருந்து தண்ணீரை மட்டும் நக்கிக்கொண்டிருந்தது.

வயது இருபது. நாய்க்கா என்று கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. விசர்நாய் ஊசி போட வந்த மிருக வைத்தியரும் கேட்டார். கேட்டுச் சிரித்துவிட்டு, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம் என்றார். "நீங்க வைச்சுக்கொள்ளுங்க ஐயா, எங்களுக்கு இருபதுதான்" என்று சொல்லி அனுப்பினாள் புஸ்பம்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியபோது, வலைக் குவியலுக்குள் சுருண்டு கிடந்த குட்டி அது. ஆருடைய குட்டி, எப்படித் தோணியில் ஏறியது என்று இன்றுவரைக்கும் தெரியாது. இரண்டு வயது மகன் சிவதர்ஷன் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினான். கரையில் ஆமி நிற்கும் நேரத்தில் பிள்ளையின் அழுகை நின்றதே போதுமென்று பெரியவர்கள் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிவதர்ஷன் எங்கே என்பதுதான் இந்த வீட்டை இத்தனை காலமாக அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி. பதினெட்டு வயதில் அவனைச் சந்தியில் வைத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போய்க் கேட்ட இடமெல்லாம் பிடித்தது நாங்கள் இல்லை என்றார்கள். பிறகு ஒரு தரம் வன்னியிலிருந்து தொலைபேசியில் பேசினான். "அம்மா, சுட்டியன் சாப்பிடுறானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு யுத்தம் முடிந்தது. முடிந்து வருசமும் ஒன்று கடந்துவிட்டது. வல்லிபுரம் முகாம் முகாமாக அலைந்து பார்த்துவிட்டார். இருக்கிறான் என்று சொல்ல ஆளில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

போன கிழமை தெய்வமணி வந்துபோனாள். மூத்தவள் தக்ஷாயினியைக் கட்டப்போகும் தனுசனின் தாய். கெட்ட மனிசி இல்லை. வெற்றிலையைக் கூட எடுக்காமல், சொல்ல வந்ததை நேராகவே சொன்னாள்.

"மணவறையில மாப்பிள்ளைட கால் கழுவித் தோழனா நிக்கிறவன் பொண்ணுட தம்பி. அவன் இரிக்கான் எண்டா சொல்லுங்க, காத்திருப்பம். இல்லையெண்டா மாமாங்கத்தில பேரச் சொல்லி, செய்யிறதச் செய்துபோட்டு வாங்க. வேறொரு புள்ளையத் தோழனா வைப்பம். ரெண்டுமில்லாம அந்தரத்தில வைச்சுக்கிட்டுக் கலியாணம் செய்ய ஏலா. ஆவணியில நாளும் வைச்சாச்சு."

வல்லிபுரம் தலையாட்டினார். புஸ்பம் எழுந்து வீட்டின் கோடிப்புறம் போய்விட்டாள்.

பேரைச் சொல்வது என்றால் இதுதான், வேறொன்றுமில்லை. ஆடி அமாவாசையன்று தீர்த்தக்குளக் கரையில் ஐயருக்கு முன்னால் வரிசையாக இருப்பார்கள். ஐயர் விரலில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, ஆருடைய பேர் என்று கேட்பார். சொன்ன பேருக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேருக்குரியவர் செத்தவர்.

முறைப்படி மகன்தான் தகப்பனுக்கு இதைச் செய்ய வேண்டும். ஆனால் சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் முறை பார்க்க ஆருக்கும் மனமில்லை. வல்லிபுரமும் தன் தகப்பனுக்குப் பக்கத்தில் கடைக்குட்டி உசாந்தியின் பேரைச் சொல்லத் தொடங்கினார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைத் தன் கையாலேயே எடுத்துப் புதைத்தவர் அவர். அதனால் அந்தப் பேர் நெஞ்சை அறுத்தாலும் வாயில் வந்தது.

உசாந்தியைக் காட்டிக் கொடுத்தது சுட்டியன்தான். அப்போது குடியிருந்த நாவலடியில் கடல் வந்து வீட்டை வழித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், உடம்பெல்லாம் உப்புப் பூத்துப்போய், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த காலோடு திரும்பி ஓடிப்போய், வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்குள் நின்று ஊளையிட்டது. அப்படியொரு ஊளையை அவர்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தின் பின்னால் போய்த்தான் பிள்ளையைக் கண்டெடுத்தார்கள்.

புஸ்பத்தின் வழக்கு இதுதான். உசாந்திக்கு ஊளையிட்ட நாய் சிவதர்ஷனுக்கு ஊளையிடவில்லை. சண்டை முடிந்த மாதத்திலும் இடவில்லை, அதற்குப் பிறகும் இடவில்லை. அப்படியென்றால் அவன் இருக்கிறான்.

"வன்னி எங்க, மட்டக்களப்பு எங்க. அங்க நடக்கிறது நாய்க்கு எப்படித் தெரியும்?" என்று வல்லிபுரம் ஒரு தரம் கேட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

உண்மையில் இந்தக் காரியம் போன வருசமே நடந்திருக்க வேண்டும். அப்போது பார்த்து அக்கரைப்பற்றில் வல்லிபுரத்தின் குடியில், அவருடைய தாய்வழி வம்சத்தில், ஒரு மனிதர் செத்தார். வல்லிபுரம் அவர் முகத்தைக் கூடக் கண்டதில்லை. ஆனாலும் ஒரே குடி என்றால் துடக்குத்தான், சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. அந்த முகம் தெரியாத மனிதருக்குப் புஸ்பம் மனசுக்குள் நன்றி சொன்னாள். இந்த வருசம் அப்படி உதவ ஒருவருமில்லை.

வேலிப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

சரீப் ஓட்டமாவடி மீன் வியாபாரி. வல்லிபுரத்தின் மீனைப் பல வருசமாக எடுப்பவர். விரத நாளில் அவருக்கு இங்கே வியாபாரமில்லை. பஸ்ஸில் நசுங்க வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னபடி வந்திருந்தார்.

"இன்னும் மூச்சு விடுதா? என்ட மூத்தவள் பிறந்த வருசம் கண்ட நாய் இது, அண்ணன். அவள் இப்ப புள்ளத்தாச்சி" என்றார் சரீப். கையில் இருந்த பொட்டலத்தை நாயின் பக்கமாகத் தள்ளி வைத்தார். "ஆட்டீரல். மெத்தெண்டு இரிக்கும். தின்னுதா பாருங்க, தங்கச்சி."

அவர் நாயைத் தொட மாட்டார், மார்க்கம் அப்படி. ஆனால் ஈரல் இல்லாமல் வந்த கிழமை குறைவு.

சுட்டியன் மூக்கைத் தூக்கிச் சரீப்பை மணந்து பார்த்தது. பிறகு சரீப்பைத் தாண்டி, அவருக்குப் பின்னால் ஒன்றுமில்லாத இடத்தை மணந்தது. பிறகு தலையைப் போட்டுக்கொண்டது. நாலு வருசமாக ஆர் வந்தாலும் இப்படித்தான். வந்தவரை மணக்கும், அவருக்குப் பின்னால் இன்னொருவரையும் தேடி மணக்கும். அந்த இன்னொருவர் ஆர் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வல்லிபுரம் குனிந்து அதன் பின்தொடையைத் தடவினார். மயிர் முளைக்காத அந்தக் கோட்டில் அவர் கை தானாகப் போய் நின்றது. தூண்டில் வளைவது போல ஒரு குறி.

அது ஒரு பழைய கதை. புஸ்பத்தின் அண்ணன் வினாயகமூர்த்திக்குக் கிரானில் மாட்டுப்பட்டி இருந்தது. அங்கே கன்றுகளுக்குக் குடிக்குறி சுடுவதைப் பார்த்துவிட்டு வந்த சிவதர்ஷன், அப்போது எட்டு வயது, சைக்கிள் கம்பியைக் காய்ச்சிச் சுட்டியனின் தொடையில் இழுத்துவிட்டான். அவனுக்குப் பூவரசங் கம்பால் நல்ல அடி. நாய் மட்டும் அவனைக் கடிக்கவில்லை. மாறாக, அடி வாங்கி அழுதவனின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடித்து முடிந்த பிறகுதான் பார்த்தார்கள், பையன் குறியையும் பிழையாகப் போட்டிருந்தான். மட்டக்களப்பில் பிள்ளைகள் தாயின் குடி. வீடும் வளவும் மகளுக்குப் போகும். தகப்பன் என்கிறவன் எத்தனை வருசம் உழைத்துக் கொட்டினாலும் அந்த வீட்டில் வேறு குடிக்காரன்தான். இவன் நாய்க்குப் போட்டிருந்தது தாயின் குறியல்ல, தகப்பனின் குறி.

"ஏன்டா அப்பாட குறியப் போட்டாய்?" என்று கேட்டதற்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"அம்மாட குடியில நாங்க எல்லாரும் இரிக்கம். அப்பா தனியத்தானே."

அதிலிருந்து அது வீட்டுப் பகிடியாகிவிட்டது. சாப்பாடு போட்டால், "வல்லிபுரத்தாரும் குடியாக்களும் வாங்க" என்று கூப்பிடுவாள் புஸ்பம். ஒருவர் இரண்டு காலில் வருவார், மற்றவர் நாலு காலில் வருவார். சிரித்த காலம் அது.

படலையடியில் தக்ஷாயினி தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். இருபத்தைந்து வயதுக்குள் முகத்தில் ஒரு மூத்த களை வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு அவள் இந்த வீட்டின் இரண்டாவது தாய்.

"அப்பா, எனக்காகவா சொல்லப் போறீங்க?"

"இல்ல புள்ள. எனக்காகத்தான். களைச்சுப்போனன்."

"சொன்னா களைப்புத் தீருமா?"

"தெரியா."

"நான் கேக்கல்ல எண்டு ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்க. மாமிதான் கேட்ட." சற்று நின்று, "கேக்க வேணாம் எண்டு நான் சொல்லவுமில்ல" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வல்லிபுரம் அவள் தலையைத் தொட்டுவிட்டுச் சரீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். புஸ்பம் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டியிலிருந்து மீனை எடுத்து, முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமாங்கத்தில் மணலைக் காண முடியாத சனம். கச்சான் கடை, காப்புக் கடை, பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற தாய்மார். "பச்சைச் சட்டை போட்ட தம்பி, நீங்கள் எங்கிருந்தாலும் கோபுர வாசலுக்கு வரவும்" என்று ஒருவர் அறிவித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தாலும் என்ற சொல் வல்லிபுரத்தைக் குத்தியது. சரீப் தெருக்கரை மரத்தடியில் நின்றுகொள்ள, அவர் மட்டும் குளத்தடிக்கு இறங்கினார்.

வரும் வழியெல்லாம் அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தார். ஐந்தெழுத்து, ஆறெழுத்து, அவ்வளவுதான் ஒரு பேர். வாய் திறந்தால் வந்துவிடும்.

ஐயருக்குத் தொண்டை கட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து செத்தவர்களின் பேரைக் கேட்டுக் கேட்டு அவரும் ஓய்ந்துபோயிருந்தார்.

"அப்பா பேர்?"

"இளையதம்பி."

எள்ளும் தண்ணியும் விழுந்தன.

"வேற?"

"உசாந்தி. மகள்."

ஐயர் நிமிர்ந்தார். "சுனாமியா?"

"ஓம்."

மறுபடியும் எள்ளும் தண்ணியும்.

"வேற?"

வல்லிபுரம் வாயைத் திறந்தார். தண்ணீரில் தன் முகம் கலங்கிக் கிடப்பதைப் பார்த்தார். வாயை மூடினார். பக்கத்தில் இருந்தவர் தன் முறைக்காகச் செருமினார்.

"சொல்றதெண்டாச் சொல்லுங்க. பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்றார் ஐயர், கோபமில்லாமல்.

அப்போதுதான் மேட்டிலிருந்து சரீப்பின் குரல் வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றார். மற்றக் கையில் தொலைபேசி.

"வல்லிபுரண்ணன், வீட்ட வரட்டாம். புள்ள எடுத்த. நாய்க்குச் சரியில்லையாம்."

வரிசையில் இருந்த இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நாய்க்கா என்று ஒருவர் சிரித்தார். வல்லிபுரத்துக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு வந்தது ஆறுதல், அதை நினைத்துத்தான் பிறகு வெட்கப்பட்டார்.

"ஐயா, போட்டு வாறன். பிந்தி வந்தாலும் செய்வீங்களா?"

"சனம் முடியும் மட்டும் இரிப்பன்" என்றார் ஐயர்.

விரலில் தர்ப்பை மோதிரத்தோடேயே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முருங்கை நிழலில் புஸ்பம் உட்கார்ந்திருந்தாள். நாயின் தலை அவள் மடியில். பிரித்து வைத்த மீன் அப்படியே கிடந்தது. இன்னொரு தரம் சூடாக்கிக் கொடுத்தால் தின்னுமோ என்று, மிச்ச மீனைச் சட்டியோடு திரும்ப அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"ஊளையிட்டுதா?" என்று கேட்டார் வல்லிபுரம். கேட்ட பிறகுதான், வழி முழுக்க எதற்குப் பயந்துகொண்டு வந்தார் என்பது அவருக்கே விளங்கியது. நாய் நம்பிக்கை எல்லாம் பைத்தியம் என்று சொன்னவர் அவர்.

"இல்ல" என்றாள் புஸ்பம்.

அவர் மண்ணில் இருந்து, குறியின் மேல் கையை வைத்தார். அதன் விலா, நேரம் எடுத்து எழும்பி, நேரம் எடுத்துத் தாழ்ந்தது. அவருடைய கையை மணந்தது. எள் வாசமும் குளத்துத் தண்ணீர் வாசமும் இருந்திருக்கும். வாலின் நுனி அசைந்தது. பிறகு மூக்கை மெல்லத் தூக்கி, அவரைத் தாண்டி, படலைப் பக்கமாக மணந்தது. வெகுநேரம் மணந்தது. தக்ஷாயினி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

மூக்கு இறங்கியது. விலா எழும்பவில்லை.

சத்தமே இல்லாமல் முடிந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் இன்னமும் ஆரோ ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது புஸ்பம்.

"நீங்க போங்க. போய்ப் பேரச் சொல்லிப்போட்டு வாங்க."

வல்லிபுரம் அவளைப் பார்த்தார்.

"இனி நான் என்னத்தச் சொல்லி மறிக்கிற? இது கிடக்கும் மட்டும் ஒரு சாட்டுக் கிடந்த. எனக்கும் ஏலாமப் போச்சு. உலை வைக்கக்குள்ள ஒராளுக்குக் கூடப் போட்டுப் போட்டு, விடிய அதை இதுக்கு வைச்சன். இனி ஆருக்கு வைக்கிற? போங்க. புள்ளட கலியாணமாவது நடக்கட்டும்."

அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இத்தனை வருசமும் அவள் பிடிவாதத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் தான் களைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றியது. அவள் விட்டுவிட்டால் பிடிக்க வேறு ஆளில்லை.

"அண்ணன், போறதெண்டா இப்ப போகோணும்" என்றார் சரீப் படலையில் நின்று.

வல்லிபுரம் எழும்பவில்லை. விரலில் இருந்த தர்ப்பை மோதிரத்தைக் கழற்றினார்.

"எனக்குப் போக ஏலா. துடக்கு."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"என்ட குடிதானே இது. குறி கிடக்கு, பாருங்க. போன வருசம் முகம் தெரியாத மனிசனுக்கு முப்பத்தொண்டு காத்தன். ஒரு வாய் தண்ணி அந்த மனிசன் கையால குடிச்சதில்ல. இது இருபது வருசம் என்ட காலுக்குள்ள கிடந்த. இதுக்குக் காக்காம எப்படிக் கோயில் வாசல் மிதிக்கிற?"

பகிடி பண்ணுகிறாரோ என்று புஸ்பம் அவர் முகத்தைத் தேடினாள். பகிடி இல்லை.

"அந்தக் குறிய நாங்களா போட்ட?" என்றாள் மெல்ல. "சின்னப் புள்ள போட்ட."

"ஓம். அவன்தான் போட்ட. அவன் போட்டத இல்லையெண்டு சொல்ல என்னால ஏலா."

புஸ்பம் நாயின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது.

வல்லிபுரம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

"ஆவணி நாள் தப்பிப் போகும், புள்ள. மாமி என்ன சொல்லுவா எண்டு தெரியா. நாயச் சொல்லிக் கலியாணத்தத் தள்ளிவைச்ச ஆக்கள் எண்டு ஊர் சிரிக்கும்."

தக்ஷாயினி உள்ளே போய்விட்டாள்.

சரீப் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "எங்கட ஆக்கள்ல இப்பிடி இல்லண்ணன். ஆனா நீங்க சொன்னாச் சரிதான்" என்றார். "மம்பெட்டி எங்க கிடக்கு? தொட மாட்டன். கிடங்கு வெட்டித் தாறன்."

வெட்டினார். கடற்கரைப் பக்கத்து மண் என்பதால் வெட்ட வெட்டச் சரிந்தது. மூச்சு வாங்கியும் மண்வெட்டியை வல்லிபுரத்திடம் கொடுக்கவில்லை. வல்லிபுரம் உள்ளே போய்ப் பழைய சாரனைக் கட்டிக்கொண்டு, மாமாங்கத்துக்கென்று எடுத்த புது வேட்டியில் சுட்டியனைச் சுற்றினார். தூக்கும்போது பாரமே இல்லை. தோணியிலிருந்து இறங்கிய அன்றைக்கு மகனையும் குட்டியையும் ஒன்றாகத் தூக்கியது நினைவுக்கு வந்தது. முருங்கையடியில் இறக்கி, முதல் பிடி மண்ணை அவரே போட்டார். இரண்டாவது பிடி புஸ்பம். மூன்றாவதைப் போட ஆள் வேண்டுமே என்று நின்றபோது, தக்ஷாயினி தலையில் முக்காடோடு வந்து குனிந்தாள்.

கிணற்றடியில் முழுகிவிட்டு வல்லிபுரம் ஈரத்தோடு வரும்போது தொலைபேசி அடித்தது. தக்ஷாயினி எடுத்தாள். தெய்வமணியின் குரல் முற்றம் வரைக்கும் கேட்கும் குரல்.

"என்ன புள்ள, அப்பா மாமாங்கத்துக்குப் போட்டு வந்துட்டாரா? பேரச் சொல்லிட்டாரா?"

தக்ஷாயினி தகப்பனைப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் வடிய, தண்டனைக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவர் நின்றார்.

"இல்ல மாமி. எங்கட வீட்ட துடக்கு."

"துடக்கா? ஆருகா மோசம் போன?"

வல்லிபுரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாட குடியில ஒராள், மாமி" என்றாள் தக்ஷாயினி. "தம்பிக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள். கனகாலம் இருந்து போன."

மறுபக்கத்தில் பெருமூச்சு. ஆவணி நாளைப் பற்றிய கேள்வி இப்போது வரும், இப்போது வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"அப்பிடியா. முருகா. எத்தின வயசாளோ. சரி புள்ள, கலியாணக் கதையப் பொறகு கதைப்பம். செத்தவீட்டுக்கு வராட்டி நாங்க என்ன சம்பந்தி? தனுசனையும் கூட்டிக்கிட்டுப் பின்னேரத்துக்குள்ள வாறன்."

தொலைபேசி நின்றது. தக்ஷாயினி தகப்பனைப் பார்த்தாள், தகப்பன் முருங்கையடியில் குவிந்திருந்த ஈர மண்ணைப் பார்த்தார். சரீப் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

புஸ்பம்தான் எழும்பினாள். வேலியோரம் மூன்று கல்லின் மேல் மணலை மீன் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை இறக்கி வைத்தாள். வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றினாள்.

"செத்தவீட்டில அடுப்பெரியக் கூடாது" என்றாள்.